செம்பியன் சோன்பப்டி ஆன வரலாறு

மனிதனின் மானம் விலைமதிப்பற்றது என்று சொல்லுகிறவர்கள் யாரும் தி.நகரில் பாத்திரம் வாங்கியதில்லை. பாண்டி பஜாருக்குப் பின்சந்தில், சென்ற வைகாசி மாதம், ஒரு முழு மனிதனின் முழு மானம் நூற்றிருபது ரூபாய்க்குப் போயிற்று. ஜிஎஸ்டி உட்பட.

அந்த மனிதர் செம்பியன். 'செம்பியன் எவர்சில்வர் மாளிகை'யின் உரிமையாளர். மாளிகை என்பது பதினான்கு அடிக்கு ஒன்பது அடி. வாசலில் 'ஒரே விலை' என்று ஒரு பலகை. தி.நகரில் அந்தப் பலகை இல்லாத கடையும் அரிது, அதை நம்பும் வாடிக்கையாளரும் அரிது. ஆனால் செம்பியனின் பலகை உண்மை பேசியது. அதற்குக் காரணம் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த முகம். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த முகம் சிரித்ததில்லை. "கொஞ்சம் பாத்துப் போட்டு..." என்று ஆரம்பிக்கும் பெண்கள் அதைப் பார்த்ததும் பாதிப் பேச்சிலேயே பர்ஸைத் திறந்துவிடுவார்கள். கடையில் இருந்த சரக்கெல்லாம் வங்கிக் கடன். முகம் மட்டும்தான் சொந்த முதல்.

அந்த முதலில்தான் கைவைத்தது நம் யுகத்தின் மகத்தான சாதனை.

இந்த யுகம் மனித குலத்துக்கு அளித்த கொடைகளில், கணவனும் மனைவியும் நாலாயிரம் பேர் முன்னிலையில் ஒருவரையொருவர் கொஞ்சிக்கொள்ளும் வசதிக்கே முதலிடம் தர வேண்டும். முன்னெல்லாம் கொஞ்சல் என்பது கதவைச் சாத்திக்கொண்டு செய்த குடிசைத் தொழில். கணக்குக் கிடையாது, தணிக்கை கிடையாது. இன்று எல்லாம் வெளிப்படையான நிர்வாகம். அடையாறில் ஒருவர் தம் மனைவியை 'மை லட்டு பேபி' என்று அறிவித்தால், மந்தைவெளியில் ஓர் அம்மாள் அதே வாரம் தம் கணவரை 'மை மைசூர்பா' பதவிக்கு உயர்த்திவிடுகிறார். இனிப்புக் கடையும் மிருகக்காட்சி சாலையும் ஏறக்குறைய காலி. முயல், பாண்டா, பூனைக்குட்டி எல்லாம் தீர்ந்துபோய், மயிலாப்பூரில் ஒரு வங்கி மேலாளருக்கு 'நீர்யானைக் குட்டி'தான் கிடைத்தது. மனிதர் அதிலும் திருப்தியாகவே இருக்கிறார்.

செம்பியனின் மனைவி நிஷா, மந்தைவெளி ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள தம் வீட்டிலிருந்து இந்தப் பணியில் ஏழு மாதமாக ஈடுபட்டிருந்தார். கணவர் சாப்பிடுவது, கணவர் தூங்குவது, கணவர் முதுகைக் காட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பது என்று படம் படமாக இன்ஸ்டாகிராமில் போட்டார். ஒவ்வொன்றின் கீழும் 'என் சோன்பப்டிக் குட்டி', கூடவே நான்கு இதயங்கள். தொண்ணூற்றிரண்டு கிலோ எடையுள்ள செம்பியனுக்கு இது தெரியாது. அவர் போனில் பார்ப்பது எவர்சில்வர் தகட்டின் விலை மட்டும்.

தெரிந்த நாளில் கடைக்கு வந்தவர் சரோஜாதேவி, ராயப்பேட்டைக்காரர். மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்க வந்திருந்தார். இட்லிக் குண்டான் ஒன்றைத் தூக்கி, விரலால் சுண்டிப் பார்த்தார்.

"இன்னா ரேட்டு?"

"ஆயிரத்து எண்ணூத்தி இருபது."

"ஆயிரத்து எழுநூறு போட்டுக்க நைனா."

செம்பியன் முகத்தைப் பிரயோகித்தார். சரோஜாதேவி பர்ஸைத் திறக்கவில்லை. இன்னும் கிட்டே வந்து அந்த முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஐயே! நீ அந்தச் சோன்பப்டி இல்ல?"

"என்னம்மா?"

"நீயேதான்! லுங்கி கட்டிக்கினு, வாயத் தொறந்துக்கினு தூங்கிக்கினு கீறியே! எம் பொண்ணு டெய்லி காட்டும். வூட்ல குட்டி, இங்க வந்து உர்ருனு உக்காந்துக்கினு கீறே. இன்னாடா சோன்பப்டி, நூத்தி இருபது கொறைக்க மாட்டியா?"

"ஆயிரத்து எழுநூறு" என்றது ஒரு குரல். அது தம்முடைய குரல்தான் என்பது பில் போட்ட பிறகே செம்பியனுக்குப் புரிந்தது.

கல்லாவில் இருந்த ஆஸ்டின், சாந்தோமிலிருந்து பத்தொன்பது ஆண்டுகளாக வந்துபோகும் கணக்கர், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியுமாய்யா?"

"ஃபாலோ பண்றேன் முதலாளி."

"எப்பருந்து?"

"ரெண்டாவது போஸ்ட்லருந்து. லைக் மட்டும்தான் போடுவேன். கமெண்ட் போட மாட்டேன். மரியாதைனு ஒண்ணு இருக்குல்ல?"

சரோஜாதேவி வாய்ச்சொல்லில் கஞ்சம் பிடிப்பவர் அல்லர். மூன்றே நாளில் "சோன்பப்டி இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். உருப்படிக்கு நூற்றிருபது என்பது ஊரறிந்த தள்ளுபடியாயிற்று. முகம் தன்னால் ஆனதைச் செய்தது. ஆனால், வாயைத் திறந்து தூங்கியதை ஏற்கெனவே பார்த்துவிட்ட மக்களிடம் முகம் என்ன செய்யும்?

விஷயம் 'தென்சென்னைப் பாத்திர வணிகர் நலச் சங்க'த்தின் அவசரக் கூட்டத்துக்கு வந்தது. பொருள்: 'இல்லத்தரசிகளின் அன்பழைப்பினால் விலை நிர்ணயத்தில் ஏற்படும் ஸ்திரமின்மை குறித்து விவாதித்தல்.' தலைவர் ஸ்ரீரங்கன், மயிலாப்பூர்க்காரர், தாமிரச் சொம்பு மொத்த வியாபாரி, தொண்டையைச் செருமினார்.

"செம்பியன், ஒரு கடைல விலை இறங்கினா தெருவே இறங்கும். ஆத்துல சொல்லி நிறுத்தச் சொல்லும்."

"சொல்றேன் சார்."

"என்னன்னு சொல்வீர்?"

செம்பியன் யோசித்தார். "அதுக்கு மொதல்ல பேசணும் சார்."

சபையில் தலைகள் ஆடின. அந்தக் கஷ்டம் எல்லோருக்கும் தெரிந்தது. ஸ்ரீரங்கன் குரலைத் தணித்துக்கொண்டார்.

"நானும் பேசலாம்னுதான் இருக்கேன். என்னை 'குலோப்ஜாமூன்'னு போட்டுண்டிருக்கா."

செயலாளர் நெடுஞ்செழியன் எழுந்து, தாம் கடந்த தைப்பொங்கல் முதல் 'பப்ளிமாஸ்' என்பதைப் பதிவு செய்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். பொருளாளர் மட்டும் எழவில்லை. அவருக்கு வீட்டில் பெயர் ஏதும் வைக்கவில்லையாம். அன்று சமோசாவைக்கூடத் தொடாமல் போனார். தீர்மானம் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது.

வேறு வழியின்றி, அன்று மாலை சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய், செம்பியன் தம் மனைவியிடம் பேசினார்.

"இந்தா."

இருபத்தோரு ஆண்டு இல்லறத்தில் அவர் பேச்செல்லாம் இப்படித்தான் தொடங்கும். நிஷா கீரை ஆய்ந்துகொண்டே நிமிர்ந்தார்.

"அந்தச் சோன்பப்டி வேணாம்."

"பாதுஷா வைக்கட்டுமா?"

"ஒண்ணுமே வேணாம். கல்யாண சீசன்ல வியாபாரம் போவுது."

"அப்ப உங்கள எப்படிக் கூப்பிடறது? புருஷன் பேரச் சொல்லக் கூடாதுன்னு வந்த அன்னிக்கே உங்க வீட்ல சொல்லிட்டாங்க. 'ஏங்க'ன்னா நீங்க திரும்பறதே இல்ல. சோன்பப்டின்னு எழுதுனா நாலாயிரம் பேர் திரும்பிப் பாக்கறாங்க."

நிஷா கீரைத் தட்டைக் கீழே வைத்தார். அவர் தகப்பனார் பாரிமுனையில் குடை விற்றவர். மழை வரும் நேரம் பார்த்து விலை சொல்லும் ரத்தம்.

"நிறுத்திடறேன். அதுக்கு ஒரு விலை இருக்கு."

"எவ்வளவு?"

"தினம் மூணு தடவ என் பேரச் சொல்லிக் கூப்பிடணும். மூஞ்சியப் பாத்து."

சோன்பப்டி ஆகும்வரை யாருக்கும் பத்து பைசா குறைக்காத செம்பியன் அன்று முதன்முறையாக எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பேரம் பேசினார்.

"வாரத்துக்கு ஒண்ணு."

"மூணு வேளை சோறு போடறேன்."

"ஞாயித்துக்கிழமைல ரெண்டு. சேத்து வச்சுக்க."

"மொத்தமா வாங்கினா தள்ளுபடி குடுக்க இது என்ன டம்ளரா?"

"விசேஷ நாள்ல வேணா..."

"தினம் ஒண்ணு. இதுக்கு மேல இறங்க மாட்டேன். ஒரே விலை."

நிஷாவின் முகத்தில் சிரிப்பில்லை. அந்த முகத்துக்கு முன்னால் எப்படிப்பட்ட வாடிக்கையாளரும் பர்ஸைத் திறப்பார் என்பதைத் தொழில் தெரிந்தவராக செம்பியன் உணர்ந்தார். ஒப்புக்கொண்டார். பதிவுகள் நின்றன.

மறுநாள் காலை காபி வந்தது. செம்பியன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"நி..."

நிஷா டம்ளரைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"நிக்கிறியே, உக்காரேன்."

நிஷா பேனாவை எடுத்தார். தினசரி காலண்டரில் அன்றைய தாளில் ஒரு பூஜ்யம் போட்டார். இரண்டாம் நாள் செம்பியன் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒத்திகை பார்த்தார். அங்கே கணீரென்று வந்தது. வெளியே வந்து முகத்தைப் பார்த்ததும் "இந்தா, துண்டு" என்றுதான் வந்தது. பூஜ்யம். மூன்றாம் நாளும் பூஜ்யம். நான்காம் நாள் ஒப்பந்தம் ரத்தாகி, நாலாயிரம் பேருக்கும் தகவல் போயிற்று: 'என் சோன்பப்டிக் குட்டி திரும்ப வந்தாச்சு!'

அன்று கடையில் செம்பியன் கால்குலேட்டரை எடுத்துவைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம், நாளொன்றுக்கு இருபது உருப்படி, இரண்டாயிரத்து நானூறு ரூபாய் நஷ்டம். இன்னொரு பக்கம், இரண்டே எழுத்து. பிறகு ஆஸ்டினைக் கூப்பிட்டார்.

"எல்லா உருப்படிலயும் எரநூறு ஏத்தி ஸ்டிக்கர் ஒட்டு. சோன்பப்டின்னு சொல்றவங்களுக்கு நூத்தி இருபது கொறை."

ஆஸ்டின் தயங்கினார். "முதலாளி, அண்ணிய ஒரு தடவ பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டா இந்தத் தொல்லையே இல்லயே. செலவும் இல்ல."

செம்பியன் கால்குலேட்டரை அணைத்தார்.

"அது கட்டுப்படியாகாதுய்யா."

லாபம் பெருகிற்று. 'ஒரே விலை' பலகை இருந்த இடத்தில், மனைவி போட்ட படமே பெரிதாக்கப்பட்டு, 'உங்கள் சோன்பப்டி' என்ற எழுத்துகளுடன் விளக்குப் போட்டுத் தொங்குகிறது. கடைக்கு வரும் பெண்கள் அதன் கீழே நின்று படமெடுத்துக்கொண்டு, "இப்படில்ல இருக்கணும் புருஷன் பொண்டாட்டி" என்று பெருமூச்சு விடுகிறார்கள். சங்கம் செம்பியனுக்குப் பொன்னாடை போர்த்திற்று. 'ஆதர்சத் தம்பதி' என்று மேடையில் ஸ்ரீரங்கன் புகழ்ந்தார். தம்பதியில் ஒருவரை அழைக்க மறந்துவிட்டார்கள்.

முப்பத்திரண்டு வியாபார நாள் முடிந்ததும் கணக்கு முடிக்கப்பட்டது.

கடைக் கணக்கு, ஆஸ்டின் கையெழுத்தில்: விற்றது அறுநூற்று நாற்பது உருப்படி. விலையேற்றத்தில் வரவு ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம். சோன்பப்டி வகையில் தள்ளுபடி எழுபத்தாறாயிரத்து எண்ணூறு. நிகர லாபம் ஐம்பத்தோராயிரத்து இருநூறு.

வீட்டுக் கணக்கு, நிஷா கையெழுத்தில், காலண்டர் தாளின் பின்புறம்: நாளுக்கு ஒன்று வீதம் இருபத்தோரு வருடத்துக்கு வர வேண்டிய அழைப்பு ஏழாயிரத்து அறுநூற்று அறுபத்தைந்து. வந்தது பூஜ்யம். பாக்கி ஏழாயிரத்து அறுநூற்று அறுபத்தைந்து.

தாளைச் செம்பியன் வாங்கிப் பார்த்தார். பெருக்கல் சரிதான். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அடியில் 'வாராக் கடன்' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்க வேண்டியவரே அப்படி எழுதித் தள்ளிய கணக்கு, தி.நகர் வரலாற்றிலேயே இது ஒன்றுதான்.