ஏகாம்பரத்தின் ஓட்டுக்கு மேல் மூணு மாடி

ஒரு காட்டுல, ஏரிக்கரைக்கு ரெண்டாவது வளைவுல, ஏகாம்பரம்னு ஒரு ஆமை இருந்துச்சு. சொந்த ஓடு. பிறந்தப்பவே கட்டினது, ஒரு சொட்டு ஒழுகாது. நரி வந்தா தலையை உள்ளே இழுத்துக்கும். நரி நாலு தடவை கீறிப் பார்த்துட்டுப் போயிடும்.

ஒருநாள் பில்டர் பெருச்சாளி தண்டபாணி வந்தாரு. ஓட்டைத் தட்டிப் பார்த்தாரு.

"இவ்வளவு பெரிய இடத்துல ஒண்டியாவா இருக்கீங்க? பாவம் சார்."

"எனக்கு இது போதுங்க."

"உங்களுக்குப் போதும். ஏரியாவுக்குப் போதுமா? பக்கத்துப் புத்தைப் பாருங்க, கரையான் நாலு மாடி ஏத்திட்டான். உங்களுக்கு வாஸ்து வேற சரியில்ல. வாசல் தெக்கு பார்த்திருக்கு."

"நான் திரும்பி நின்னா வடக்குங்களே?"

"அதான் சார் பெரிய தோஷம்! நிலையா ஒரு திசை இல்லாத வீட்டுல எவன் உருப்பட்டிருக்கான்?"

அதுவரைக்கும் நல்லா உருப்பட்டிருந்த ஏகாம்பரம் அதை அப்படியே நம்பிடுச்சு. தண்டபாணி நீட்டின நாப்பது பக்கப் பத்திரத்தைப் படிக்கவே இல்ல. எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு.

"தலையை இழுத்துக்க இடம் இருக்கும்ல?"

"தரைத்தளமே உங்களுக்குத்தான் ஓனர் சார்!"

இடிச்சாங்க. ஒன்றரை வருஷம்னு சொன்னது நாலு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் ஏகாம்பரம் ஒரு கொட்டாங்குச்சிக்குள்ள வாடகைக்கு இருந்துச்சு. கட்டி முடிச்சு 'கூர்மா என்க்ளேவ்'னு பேர் வச்சாங்க. முதல் மாடியில தவளைக் குடும்பம். ரெண்டுல ஓணான். மூணுல நத்தை வரதராஜன். சொந்தக் கூட்டை வாடகைக்கு விட்டுட்டு இங்க வந்தவரு, அசோசியேஷன் செக்ரட்டரியும் அவர்தான்.

எல்லாரையும் சுமக்கிறது ஏகாம்பரம். நடந்தா, "பில்டிங் ஆடுது"ன்னு கம்ப்ளெயின்ட். நின்னா, "பால்கனியில வியூ மாறவே மாட்டேங்குது"ன்னு கம்ப்ளெயின்ட்.

மூணு வருஷம் கழிச்சு நரி வந்துச்சு. ஏகாம்பரம் சடக்குனு தலையை இழுத்துச்சு. டங்! தரைத்தளத்துல, தலை போற இடத்துல நத்தையோட ஸ்கூட்டர்.

"வரதராஜன் சார், வண்டியை எடுங்க! நரி!"

மேலேருந்து நிதானமாப் பதில் வந்துச்சு. "பார்க்கிங்ல சொந்தப் பொருள் வைக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாச்சே ஓனர் சார். மீட்டிங்குக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"பொருள் இல்லைய்யா, என் தலை!"

"தலைக்குப் பார்க்கிங் ஸ்டிக்கர் வாங்கினீங்களா?"

நரி மூஞ்சிக்குப் பக்கத்துல வந்துடுச்சு. ஏகாம்பரம் கண்ணை இறுக்கி மூடிக்கிச்சு. கடி விழலை. கண்ணைத் திறந்தா, நரி பையிலேருந்து ஒரு கலர் நோட்டீசை எடுத்து நீட்டிட்டு நிக்குது.

"பயப்படாதீங்க சார். கடிக்கிறதை விட்டு ரொம்ப நாளாச்சு, இப்ப பில்டிங் லைன்ல இருக்கேன். இது கட்டி மூணு வருஷமா? அடடா, ரொம்பப் பழசு. இடிச்சுட்டு ஏழு மாடி போட்டுடலாம்."

"தலைக்கு?"

"தனி பேஸ்மென்ட்டே தர்றேன்."

போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்துல, ஏகாம்பரமே பேனா கேட்டு வாங்கிச்சு.

நீதி: எதிரி வந்தா ஓடாதே, ஒளியாதே. கொஞ்சம் பொறுத்தா அவனும் பில்டர் ஆயிடுவான். உயிர் மிஞ்சும், வீடுதான் மிஞ்சாது.