ஐந்தாவது சட்டம்

இனிமேல் மனைவிக்குப் பயப்படுவதில்லை என்று கதிர்காமநாதன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு முடிவெடுத்தார். மனைவி அப்போது வீட்டில் இல்லை.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடி ஃபிளாட். இரண்டு அறை, ஒரு ஹோல். அந்த ஹோலில் ஏற்கனவே ஒரு கிராமபோன் நிற்கிறது. குழல் வைத்த சின்னப் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். நெஞ்சுயர அலுமாரி. மேலே மூடி. மூடியைத் திறந்தால் இசைத்தட்டுச் சுழலும் வட்டம். முன்பக்கம் இரண்டு கதவு. கதவைத் திறந்தால், சத்தம் வெளியே வரும் வழியில் குறுக்கே நாலு மரச்சட்டங்கள். பிரெம்லி கம்பனி நூறு வருடத்துக்கு முதல் செய்தது. அது வீட்டுக்கு வந்த அன்றே சரோஜினிதேவி தன் சட்டத்தை அறிவித்துவிட்டார்.

"இந்த வீட்டில கிராமபோன் ஒண்டுதான். இன்னொண்டு வந்தால், ஒண்டு வெளியில போகும். அது நீங்களாயும் இருக்கலாம்."

இதில் ஒரு சிக்கல். பிரெம்லி அலுமாரிகளின் வித்தியாசங்களை ஆராய்வதற்கென்றே உலகத்தில் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். இணையத்தில் குழு வைத்திருக்கிறார்கள். ஒருவர் கதவுப் பிணைச்சலில் எத்தனை ஆணி என்று ஆராய்கிறார். இன்னொருவர் அலுமாரிக் காலின் சில்லுகளுக்காகவே வாழ்கிறார். நில அளவையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கதிர்காமநாதனின் பிரிவு, சட்டம். நாலு சட்டப் பெட்டி உண்டு. ஆறு சட்டப் பெட்டி உண்டு. நடுவில் ஐந்து சட்டப் பெட்டி ஒன்று இருந்தே தீரவேண்டும் என்று அவர் மூன்று வருடமாக வாதாடினார். மெல்போர்னில் இருக்கும் றொஹான் என்பவன், "அப்படி ஒன்று கிடைத்தால், ஐந்தாவதை உங்கள் ஊர்த் தச்சன் செருகியிருப்பான் ஐயா" என்று எழுதினான். அதற்குக் கீழே மஞ்சள் முகங்கள் வரிசையாகச் சிரித்தன. கதிர்காமநாதனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

குழுவுக்கு அவர் எழுதுவதையெல்லாம் திருத்தி அனுப்புவது சரோஜினிதேவி. ஆங்கில ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பார்ப்பது இலக்கணத்தை மட்டும், விசயத்தை அல்ல என்பது கதிர்காமநாதனின் உறுதியான நம்பிக்கை. கணவன்மாருக்கு இப்படிச் சில நம்பிக்கைகள் இருக்கத்தான் செய்கின்றன.

அந்தச் செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனையில் பழைய தளபாடக் கடை வைத்திருக்கும் இஸ்ஸதீன் போன் எடுத்தார்.

"சேர், உங்கட ஜாதிப் பெட்டி ஒண்டு வந்திரிக்கி. சட்டம் எண்ணிப் பார்த்தேன். அஞ்சு."

கதிர்காமநாதன் முச்சக்கரவண்டியில் பறந்தார். மேலிருந்து எண்ணினார், ஐந்து. கீழிருந்து எண்ணினார், ஐந்து. கண்ணை மூடிக்கொண்டு தடவி எண்ணினார், அப்போதும் ஐந்து. பக்கத்து ஓட்டையில் இருந்த கைபிடியைச் சுற்றி, வட்டத்தைச் சுழற்றும் வில்சுருளுக்கு முறுக்கேற்றிப் பார்த்தார், உயிரோடு இருந்தது. இனி ஒரேயொரு வேலைதான் பாக்கி. வட்டத்தைக் கழற்றினால் அடியில் பித்தளைத் தகட்டில் இலக்கம் இருக்கும். குழுவின் கணக்குப்படி அது முதல் நூறுக்குள் இருந்தால், ஐந்தாவது சட்டம் தொழிற்சாலையே வைத்தது. றொஹானின் வாய்க்குப் பூட்டு. குழு வெளியிடப்போகும் புத்தகத்தில் 'ஐந்து சட்ட வகை, கண்டுபிடித்தவர் கதிர்காமநாதன்' என்று ஏறும். அதற்குப் படம் அனுப்ப இன்னும் கிட்டத்தட்ட இரண்டு மாதம் இருந்தது. ஆனால் கடையில் வைத்தே கழற்றினால் ஆசை வெளியே தெரிந்து விலை ஏறிவிடுமே! அதனால், "பரவாயில்லாத சாமான்" என்று கொட்டாவி விட்டார்.

"எடுக்கிறத எடுங்க. மெடம் உள்ளுக்கு விடுவாங்களா?" என்றார் இஸ்ஸதீன்.

மூடி நிமிர்ந்து, கதவு திறந்து நின்ற அலுமாரியைக் கதிர்காமநாதன் தள்ளி நின்று பார்த்தார். மூளைக்குள் விளக்கு எரிந்தது.

சரோஜினிதேவி மூன்று வருடமாக ஒரு சாமித்தட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும் பிரிட்ஜுக்கு மேலே, முட்டைக்கும் மீனுக்கும் மேலே குடியிருந்தார்கள்.

அடுத்த நாள் சுமை தூக்கும் நாட்டாமைமார் இரண்டு பேர் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கைபிடியை மட்டும் அவர் முன்கூட்டியே கழற்றிச் சப்பாத்துப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டார்.

"இஞ்சாரும், உமக்கொரு தட்டு அலுமாரி!" என்றார். பொய் இல்லை. என்ன தட்டு என்று அவர் சொல்லவில்லை.

சரோஜினிதேவி அலுமாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பக்கத்தில என்ன ஓட்டை?"

"சாம்பிராணிக் குச்சி குத்திறதுக்கு."

"முன்னுக்கு ஏன் இத்தனை சட்டம்?"

"காத்துப் போகத்தான். கொழும்பு வெக்கைக்குச் சாமிக்கும் புழுங்குமெல்லே."

"மேல உந்த வட்டம்?"

"பிள்ளையாருக்குப் பீடம்."

"பீடம் சுத்துது."

"அது... வலம் வரோணுமெல்லே!"

சரோஜினிதேவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "மூண்டு வருசமாக் கேட்டதுக்கு எவ்வளவு யோசிச்சு வாங்கியிருக்கிறீங்கள்! நல்ல நேரம் போக முதல் ஓடிப்போய் ஒரு மாலை வாங்கிக்கொண்டு வாங்கோ. இண்டைக்கே இருத்துவம்."

கதிர்காமநாதனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் ஓடினார். நாளைக்கு இவள் சந்தைக்குப் போகும் நேரத்தில் பத்து நிமிடம் கிடைத்தால் போதும், வட்டத்தைக் கழற்றிப் படம் எடுத்துவிடலாம். மாலையோடு திரும்பி வந்தபோது கருங்கல் பிள்ளையார் வட்டத்தின் நடுவில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். இசைத்தட்டு வைக்கும் கீழ் அறையில் விபூதி, கற்பூரம், திரி. வாசலில் சரோஜினிதேவி.

"இனிக் குளிக்காமல் இதைத் தொடக்கூடாது. மச்சம் சாப்பிட்ட நாளில கிட்டவும் வரக்கூடாது. சொல்லிப்போட்டன்."

இதைக் கேட்டதும்தான் கதிர்காமநாதனுக்குத் தான் செய்துவைத்த வேலை விளங்கியது. மனைவி இல்லாத நேரத்தில் தொடலாம்தான், ஆனால் பிள்ளையாரை ஏமாற்ற அவருக்குத் துணிவில்லை. சனிக்கிழமை அவருக்கு நண்டு. ஞாயிறு மிச்ச நண்டு. மற்ற நாட்களில் மீன், இறால், ஆடு, அதுவும் இல்லையென்றால் கருவாடு. வெள்ளி ஒன்றுதான் சைவம். வெள்ளிக்கிழமையோ விடியற்காலையிலிருந்து வீடு நிறையச் சனம். சாமித்தட்டு வந்த புதினம் கேட்டு, மாடி மாடியாகத் தேவாரம் பாட வந்துவிட்டார்கள்.

முதல் வெள்ளியே கூத்து நடந்தது. ஐந்தாம் மாடி உஷாந்தி பூப்போடக் குனிந்தபோது அவளுடைய காப்பு, வட்டத்தை நிறுத்திவைக்கும் ஒரு சின்ன நெம்பில் தட்டுப்பட்டது. இஸ்ஸதீன் கடையில் ஏற்றிய முறுக்கு அப்படியே இருந்தது. பிள்ளையார் சுற்றத் தொடங்கினார். முதலில் மெதுவாக. பிறகு நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று. அறுகம்புல் பறந்தது. செவ்வரத்தம்பூ ஆளுக்கொன்றாக நெற்றியில் வந்து விழுந்தது. எல்லாரும் அதைப் பிரசாதமாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"பிள்ளையாரே!" என்று உஷாந்தி கத்தினாள்.

கல் பிள்ளையார் கழன்று ஆருடைய தலையிலாவது விழுந்தால் என்ன ஆவது? கதிர்காமநாதன் ஒரே பாய்ச்சலில் போய், பழகிய விரலால் நெம்பை அமத்தினார். பிள்ளையார் நின்றார்.

"ஐயோ, அண்ணை தொட்ட உடன நிண்டிட்டார்! அண்ணையின்ர பக்தியைப் பாருங்கோவன்!"

இது பக்தி இல்லை, பிறேக் என்று எப்படிச் சொல்வது? கதிர்காமநாதன் கையைக் கட்டிக்கொண்டு பக்தராகவே நின்றார்.

சனம் போனபிறகு மெல்ல ஆரம்பித்தார். "இஞ்சாரும், பிள்ளையாரை ஒருக்கா எழுப்பி, வட்டத்துக்குக் கீழ எண்ணெய் விடுவமே? பிறகும் சுத்தினாலும் சுத்துவார்."

"இருத்தின சாமியைச் சும்மா எழுப்பேலுமே? எழுப்பிறவர் ஒரு மண்டலம் மச்சம் தொடாமல் இருக்கோணும்."

"ஒரு மண்டலமெண்டால்?"

"நாப்பத்தெட்டு நாள்."

"கொஞ்சம் குறைக்கேலாதே?"

"அது என்ன, கறிக்கடையில விலை பேசிறது போலயே?"

கதிர்காமநாதன் கலண்டரைப் பார்த்தார். படம் அனுப்பக் கடைசி நாளுக்கு ஐம்பத்தொரு நாள் இருந்தது. மூன்று நாள் மிச்சம். நண்டா, புத்தகமா? ஒரு சனிக்கிழமை முழுக்க யோசித்தார். அன்றைக்குப் பார்த்துக் கீழ்மாடி டோரின் வீட்டில் நண்டுக் குழம்பு கொதித்து, வாசம் படியேறி வந்து அழைப்பு மணியை அடிக்காத குறையாக நின்றது. கதிர்காமநாதன் யன்னலைச் சாத்திவிட்டுப் பாவற்காய் சாப்பிட்டார்.

முதல் வாரம் நரகம். இரண்டாம் வாரம் பரவாயில்லை. மூன்றாம் வாரத்தில் அவருக்கே புதினமாக இருந்தது. விடிய ஐந்துக்கு எழும்பிக் குளித்துவிட்டு அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்தால், கண்ணுக்கு நேரே ஐந்து சட்டம். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். உதடு அசைவதைப் பார்த்து, அண்ணை மந்திரம் சொல்கிறார் என்று உஷாந்தி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பிறகு சரோஜினிதேவி இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் உட்காருவார். கடல் இரைச்சலும் முதல் ரயில் சத்தமும் கேட்கும். இருவரும் கல்யாணமான புதிதில் கதைத்த கதைகளைத் திரும்பவும் கதைத்தார்கள். காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. கதிர்காமநாதன் உண்மையிலேயே சந்தோசமாக இருந்தார்.

நாற்பத்தொன்பதாம் நாள் காலை, ஈர வேட்டியோடு பிள்ளையாரை எழுப்பி மேசையில் இருத்தினார். வட்டத்தைக் கழற்றினார். தகட்டைத் துடைத்தார்.

இலக்கம் அறுபத்தொன்று.

முதல் நூறுக்குள்! கதிர்காமநாதன் பிள்ளையாருக்கு முன்னால் நின்று மூன்று தோப்புக்கரணம் போட்டார். படம் எடுத்தார். மனைவியின் திருத்தம் இல்லாமல், வாழ்க்கையில் முதல்தடவையாகத் தானே ஒற்றை விரலால் ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினார். தேத்தண்ணி ஆறமுதல் பதில் வந்துவிட்டது.

'அன்புடையீர், வாழ்த்துகள். ஆனால் அறுபத்தோராம் இலக்கப் பெட்டி ஏழு கிழமைக்கு முன்பே எங்களுக்குத் தனி மடலில் வந்துவிட்டது. புத்தகம் வரும்வரை இரகசியமாக வைத்திருந்தோம். ஐந்து சட்ட வகையைக் கண்டுபிடித்தவர்: திருமதி சரோஜினிதேவி கதிர்காமநாதன், வெள்ளவத்தை. மிக நல்ல ஆங்கிலம்.'

கதிர்காமநாதன் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னப்பா, தலைச்சுத்தே?" என்றபடி சரோஜினிதேவி குசினியிலிருந்து வந்தார்.

"இது... இது கிராமபோன் எண்டு உமக்கு..."

"மூண்டு வருசமா அந்த அஞ்சு சட்டத்துக்கு இங்கிலீஷ் திருத்தினது ஆர்? நீங்கள் மாலை வாங்கப் போன கையோட வட்டத்தைக் கழட்டிப் படம் எடுத்து அனுப்பிப்போட்டுத்தான் பிள்ளையாரை இருத்தினனான். அந்த றொஹான் உங்களைப் பாத்துச் சிரிச்சது எனக்கும் கோபம்தானே."

"அப்ப நாப்பத்தெட்டு நாள்? பாவக்காய்?"

"அது எனக்கப்பா. முப்பத்தெட்டு வருசமாச் சனிக்கிழமை சனிக்கிழமை நண்டு உடைச்ச கை. கொஞ்ச நாளைக்கு ஆறட்டுமெண்டு விட்டனான்."

கதிர்காமநாதனுக்குக் கோபம் வரவேண்டும். வரப் பார்த்தது. ஆனால் தோற்ற றொஹானின் முகத்தை நினைக்கச் சிரிப்புத்தான் முந்திக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே, கடைசி நியாயம் ஒன்றைக் கேட்டார்.

"அது சரி சரோ, தேடினது நான். கண்டுபிடிச்சது நான். புத்தகத்தில என்ர பேரெல்லே வரவேணும்?"

"உங்கட பேரும் இருக்குத்தானேயப்பா," என்றார் சரோஜினிதேவி, "வடிவாப் பாருங்கோ, என்ர பேருக்குப் பின்னால."