பேரல் அண்ணன் ஸ்டேரிங்கைத் தொடாத நாள்

கச்சா எண்ணெய் விலையை, அதை விற்கிற அரபு நாட்டுக்காரர்கள்கூட இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்க மாட்டார்கள். கள்ளக்குறிச்சி ‘பேரல்’ அண்ணன் பல் விளக்குவதற்கு முன்பே பார்த்துவிடுவார். அவருக்கு எண்ணெய்க் கிணறெல்லாம் கிடையாது. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்குகிற ஒரு குட்டியானை வண்டி, அவ்வளவுதான்.

வெள்ளிமலைப் பள்ளியில் நான் தற்காலிகமாகப் பொருளாதாரம் நடத்திய வருஷம் தினமும் அவர் வண்டியில்தான் போனேன். “பேரல் ரெண்டு டாலர் ஜாஸ்தி சார். ரூபா வேற படுத்துக்கிச்சி” என்பார், வீட்டில் யாருக்கோ உடம்பு முடியாத மாதிரி. தன் கல்யாணத்தையே பேரல் இறங்கட்டும் என்று தள்ளிவைத்தவர். பெண் வீட்டார் போட்ட அதட்டலில் ஏறுமுகத்திலேயே தாலி கட்டினார்.

ஒருநாள் மலையடிவார முருகன்முன் கற்பூரம் ஏற்றிச் சத்தியமும் செய்துவிட்டார்: “பேரல் நூறு டாலர தாண்டினா, எறங்குற வரிக்கும் ஸ்டேரிங்க தொட மாட்டேன்!”

எங்கோ கடலில் சண்டை வந்தது. ஒரு சனிக்கிழமை, அரைநாள் வகுப்பு முடித்து நான் வந்தபோது, மலைமேல் வண்டியை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேரல் நூறைத் தாண்டியிருந்தது.

அன்று பார்த்து, எப்போதும் அவர் வண்டியிலேயே கிழங்கு அனுப்புகிற மலைக்காரச் சின்னப்பொண்ணு அக்கா கொல்லைக் கிழங்கு மொத்தத்தையும் பிடுங்கி மூட்டை கட்டியிருந்தார். உடனே ஜவ்வரிசி ஆலைக்குப் போகாவிட்டால் கறுத்துவிடும். வருஷ உழைப்பு போச்சு. மற்ற வண்டிக்காரர்கள் வாடகையை ஏற்றிக் கேட்டார்கள்.

“பங்க்ல டீசல் அதே வெலதானேண்ணா?” என்றார் அக்கா.

“இன்னிக்கி அதே வெல. நம்ம நாடு டாலர் குட்த்து வாங்குது. எவ்ளோ நாளிக்கித் தாங்கும்? அப்பறம் ஒரம் ஏறும், டயர் ஏறும், அரிசி...”

“மொதல்ல என் மூட்டைய ஏத்துண்ணா!”

பேரல் முழித்தார். சட்டென்று சாவியை என் கையில் திணித்தார். “நான்தானே தொடக் கூடாது? நீ ஓட்டு சார்.”

லைசென்ஸ் வாங்கி ஒரு மாசம்கூட ஆகாத நான் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினேன். பக்கத்தில் அக்கா கண்ணைத் திறக்கவேயில்லை. மூட்டைகள்மேல் உட்கார்ந்து பேரல் கத்தினார்: “ரெண்டாவது கியர்! ஆரன் அடி! இன்னா சார், மாட்ட ஓட்டிக்கினு போறியா?”

ஆலை வாசலில் கிழங்கு வெள்ளை மாறாமல் இறங்கியது. அக்கா பழைய வாடகைக்கு மேல் கொஞ்சம் சேர்த்து நீட்டினார். பேரல் கூடுதலைத் திருப்பிக் கொடுத்தார்.

“பேரல் ஏறினா வாடகையும் ஏறணும்னு நீங்கதானேண்ணே சொல்வீங்க?” என்றேன்.

“நான் இந்தப் பொண்ணு மேல ஏத்தலாம் சார். கெழங்குக்கு ஆலைக்காரன் சொல்றதுதான் வெல. இது யாரு மேல ஏத்தும்?”

ஊருக்குத் திரும்பும் வழியில் மூன்று முறை வண்டியை அணைத்துத் தொலைத்தேன். பின்னாலிருந்து வந்த ஒவ்வொரு வசவும் இனித்தது. பொருளாதார வாத்தியார் வேண்டக் கூடாததை அன்று வேண்டிக்கொண்டேன்: பேரல் இன்னும் நாலு நாள் இறங்காமலே இருக்கட்டும்.