கண் திறந்தவளும் அடைத்த ஜன்னலும்

ஜூராகான் வருகிறாளாம்! பிஷ்கேக் நகரச் சந்தைக்குப் பின்னால், குபாத்தின் தையல் பட்டறை இருக்கும் சந்தில் காலையிலிருந்தே கூட்டம். ரொட்டிக்காரி கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். சும்மாவா? ஜூராகான் 'கண் திறந்தவள்'. நடந்தது, நடக்கப்போவது எல்லாம் தெரியும். காணாமல் போன ஆடு எந்தத் திசையில் இருக்கிறது என்று சொன்னவள். (ஆடு கிடைத்ததா என்று கேட்பவன் பாவி.) ஒரு குடிகாரனின் வோட்காவை ஒரே ஊதலில் நிறுத்தினாள். அவன் இப்போது பிராந்திதான் குடிக்கிறான்.

பட்டறையில் ஒரு மாதமாகப் பெண்கள் மிஷின் மேலேயே மயங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். ஜூலை வெயில், தகரக் கூரை, நாற்பது மிஷின், மூன்று நீராவி இஸ்திரிப் பெட்டி. ஜன்னல்களிலோ பலகை வைத்து ஆணி அடித்திருந்தான் குபாத். தெருப் புழுதி பட்டால் மாஸ்கோ வியாபாரி துணியைத் திருப்பி அனுப்பிவிடுவானே! மயங்கிய பெண்ணை யார் திருப்பி அனுப்பப் போகிறார்கள்? தொழில் தழைக்கட்டும் என்று அரசாங்கமும் தொழிலாளர் ஆய்வாளர்களைப் பட்டறைப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லியிருந்தது. தொழில் தழைத்தது. பெண்கள் சாய்ந்தார்கள்.

"ஜன்னலைத் திறங்கண்ணே" என்று கேட்டவள் ஒருத்திதான்: இஸ்திரி போடும் சைரகுல். குபாத் ஜன்னலைத் திறக்கவில்லை. ஜூராகானைக் கூப்பிட்டான். அது மலிவு.

ஜூராகான் கழுத்தில் ஏழு தாயத்தும் விற்க ஒரு பை தாயத்துமாக வந்தாள். பட்டறைக்குள் ஜின் என்ற பேய் புகுந்திருக்கிறதாம். மூலிகையைத் தணலில் போட்டு, அடைத்த பட்டறைக்குள் புகையை நிரப்பினாள். "ஜின் வெளிய போறவரைக்கும் எல்லாரும் முத்தத்துல நில்லுங்க!"

இருமிக்கொண்டே ஓடினார்கள். மரநிழலில் கால் மணி நேரம் நின்றார்கள். வெளிறிய முகங்களில் மறுபடி ரத்தம் ஓடியது.

"பாத்தீங்களா!" என்றாள் ஜூராகான். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. ஆளுக்கொரு தாயத்து. விலை, சம்பளத்தில் பிடித்தம். பாதி குபாத்துக்காம், நானா சொல்கிறேன், சந்தே சொல்கிறது.

உள்ளே போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காலர் தைக்கும் தொப்சுகுல், கழுத்தில் புதுத் தாயத்தோடு, பொத்தென்று விழுந்தாள்.

முற்றத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஜூராகான் அசரவில்லை. "தாயத்து பொய்க்காது. உள்ள கண்ணு வெக்கிறவ ஒருத்தி இருக்கா." விரல் நீண்டது. "அந்த இஸ்திரிக்காரி!"

"நாளையிலேர்ந்து வராதே" என்றான் குபாத்.

சைரகுலால் வேலையை விட முடியாது. புருஷன் ரஷ்யாவுக்குப் போனவன், போனவன்தான். இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு இந்த இஸ்திரி மேஜைதான்.

"சரி பெரியம்மா" என்றாள். "நான் வெளிய இருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது."

"அப்ப நான் முத்தத்துல உக்காந்துக்கறேன். மத்தியானம் வரைக்கும் நீங்க என் மேஜையில நில்லுங்க. ஏழு தாயத்து போட்டிருக்கீங்க, உங்களுக்கென்ன? யாரும் விழலேன்னா நானே போயிடறேன்."

"ஆமா பெரியம்மா, நில்லுங்க! பட்டறைக்கே ஆசீர்வாதம்!" என்று ரொட்டிக்காரிதான் முதலில் கத்தினாள். பக்தர்களை விடப் பெரிய பொறி ஏது? ஜூராகான் உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.

சைரகுல் மரத்தடியில் உட்கார்ந்து விரலைக் கடித்தாள். அந்தக் கிழவி தாக்குப்பிடித்துவிட்டால்? அரை மணி. முக்கால் மணி.

டமால்! ஒரு ஜன்னல் பலகை பெயர்ந்து முற்றத்தில் விழுந்தது. துணியை விரித்துத் தேய்க்கும் இஸ்திரிக் கட்டையால் பலகையை இடித்துத் தள்ளிவிட்டு ஜூராகான் தலையை வெளியே நீட்டினாள். தாயத்தெல்லாம் முதுகுப் பக்கம் போயிருந்தது.

"காத்து! காத்து!"

"பெரியம்மா, ஜின்னா?" என்று பதறினாள் ரொட்டிக்காரி.

"ஜின்னு எங்கடி இருக்கு? மூச்சு முட்டுதுடி! மனுஷங்க இருக்கிற எடமா இது!"

சந்து முழுவதும் ஜன்னலை எட்டிப் பார்த்தது. பிறகு உள்ளேயிருந்து சிரிப்பு. நாற்பது மிஷினும் ஒவ்வொன்றாக நின்றன. பலகையைத் திரும்ப அடிக்கக் குபாத் சுத்தியலோடு ஓடிவந்தான். அதற்குள் தொப்சுகுல் தள்ளாடி வந்து விழுந்த பலகை மேல் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இன்னும் நாலு பேர்.

"எந்திரிங்கடி! நாளைக்குச் சரக்கெடுக்க லாரி வருது!"

"அதான் சொல்றோம்ணே. மத்த பலகையையும் எடுங்க. சைரகுல் உள்ள வரட்டும். நேரத்துக்கு லாரி கெளம்பிரும்" என்றாள் தொப்சுகுல்.

குபாத் சந்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். சந்து அவனைப் பார்த்தது. ஆணி பிடுங்கும் பக்கமாகச் சுத்தியலைத் திருப்பினான்.

"அப்ப ஜின்னே இல்லையாடி?" என்றாள் ரொட்டிக்காரி, ஏமாற்றத்தோடு.

"இருக்குக்கா" என்று எழுந்து தூசியைத் தட்டினாள் சைரகுல். "அதோ, ஆணி பிடுங்குது பாருங்க."

உங்கள் பட்டறையிலும் மூச்சு முட்டுகிறதா? கழுத்தில் எதைக் கட்டுவது என்று கேட்காதீர்கள். ஆணி அடித்தவன் யார், அவனைப் பார்க்காதே என்று ஆய்வாளருக்கு லீவு கொடுத்தவர் யார் என்று கேளுங்கள். அதற்குக் கண் திறந்தவள் தேவையில்லை. உங்களுக்கும் இரண்டு கண்கள் இருக்கின்றன.