மச்சான் அனுப்பிய துவக்குப் பட்டியல்

ஹேர்னிங்
18.05.2025

என்றும் என் அன்புக்குரிய மச்சான் அந்தோனிதாசனுக்கு,

அத்தான் தேவநாயகம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உமது அக்கா கிருபாமலரும் மாதாவின் கிருபையாலும் காலையில் நாலு, இரவில் மூன்று குளிசைகளின் உதவியாலும் சுகமாக இருக்கிறோம். கனடாவில் நீரும் குடும்பமும் சுகமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். உமது குரல்செய்திகளில் ஒரு இடத்திலும் மூச்சு வாங்கவில்லை, பதினாறு நிமிடம் தொடர்ந்து கதைக்கிறீர், ஆகவே நெஞ்சில் ஒரு குறையும் இருக்காது.

நிற்க, நான் கடிதம் எழுதிப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். தொலைபேசியில் கதைத்தால் நீர் இடையில் புகுந்துவிடுவீர் என்பதால்தான் இந்தக் கடிதம். விஷயம், எதை வாங்கி எதைச் சுடலாம் என்று நீர் என் மகன் ஜெரோஷனுக்கு அனுப்பிய துவக்குப் பட்டியலைப் பற்றியது.

போன வருடம் ஜூன் மாதம் இந்த நாட்டு அரசாங்கம் எல்லோருக்கும் ஒரு அறிவித்தல் அனுப்பியது. ஏதாவது நெருக்கடி வந்தால் மூன்று நாளைக்கு ஒருவர் கையையும் எதிர்பாராமல் வீட்டில் இருக்கப் பாருங்கள், தண்ணீர், சாப்பாடு, மருந்து, ரோச் லைற், பற்றரியில் ஓடும் ரேடியோ எல்லாம் வைத்திருங்கள் என்று. உமது அக்கா அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். எங்கள் நிலக்கீழ் அறையில் இருக்கும் அரிசிக்கும் பருப்புக்கும் மூன்று நாள் அல்ல, அடுத்த நத்தார்ப் பண்டிகை வரை பயமில்லை. ஆனால் ஜெரோஷன் சிரிக்கவில்லை. அவனுக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், கொம்பியூட்டர் வேலை, வாழ்க்கையில் ஒருநாள்கூடக் கரண்ட் இல்லாமல் படுத்ததில்லை. அப்படிப்பட்டவனுக்குப் பயம் வந்தால் அது சும்மா போகாது. குளியலறை முழுக்கத் தண்ணீர்க் கான் அடுக்கினான். மருமகள் ஷாமிலா முழுகுவதற்கு எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். தண்ணீரோடு விட்டிருந்தால் பரவாயில்லை, அவன் மாமாவிடம் ஒரு ஆலோசனை கேட்போம் என்று உமக்கு ரெலிபோன் அடித்தான். உம்மிடம் ஒன்றைக் கேட்டால் நீர் ஒன்பது சொல்லும் ஆள் என்பது அவனுக்குத் தெரியாது.

குரல்செய்தியில் நீர் பட்டியலாகச் சொன்ன தமிழ் அவனுக்கு அரைவாசிதான் விளங்கும். ஆகையால் உமது பதினாறு நிமிடத்தையும் சமையலறை மேசையில் இருந்து டேனிஷில் மொழிபெயர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காட்டுக்கு ஒரு துவக்கு, நகரத்துக்கு ஒரு துவக்கு என்றீர். காட்டுக்கு எடுப்பது நாள் முழுக்கத் தோளில் சுமக்கக்கூடிய பாரமாக இருக்க வேண்டும், மழையில் நனைந்தாலும் இறுகக் கூடாது, அதன் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்க வேண்டும், பறவைக்கும் உதவ வேண்டும் மானுக்கும் உதவ வேண்டும் என்றீர். நகரத்துக்கு எடுப்பது நீளம் குறைந்து கட்டையாக இருக்க வேண்டும், வீட்டு நடைக்குள் நின்று சுழற்றிப் பார்க்க முடிய வேண்டும், சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது என்றீர். எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பது இங்க என்ற பெயர்கொண்ட எண்பத்தொரு வயது விதவை. முப்பது வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் ரீவி பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மனுசியைத் துளைக்காத துவக்கு எது என்று டேனிஷில் சொல்லும்போது எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

காடு என்று நீர் சொன்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உமது பக்கத்தில் கரடி இருக்கலாம். இங்கே காட்டை மனிதர்கள் வரிசை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குள் வழி தவறிப் பத்து நிமிடம் நடந்தால் குந்தியிருக்க ஒரு வாங்கு வரும், இன்னும் பத்து நிமிடம் நடந்தால் கொம்யூன என்கிற நகரசபையின் கழிப்பறை வரும், கடதாசியும் இருக்கும். எங்கள் யூலாண்டுப் பகுதியில் சில ஓநாய்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கு என்னைவிடக் கூடிய சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. நகரம் என்று பார்த்தால் ஹேர்னிங். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இந்த நகரத்தில் நடந்து பார்த்தவனுக்கு உலகம் முடிந்தால் எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் மகன் கேட்டான், நான் செய்தேன். வீடு கூட்டும் தும்புத்தடியைத் துவக்காகப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு நடைக்குள் நின்று சுழன்று பார்த்தேன். முதல் சுழற்சியில் சப்பாத்து அடுக்கு விழுந்தது. இரண்டாவதில் மூடி திறந்து கிடந்த மின்பெட்டியில் தும்புத்தடி பட்டுப் பிரதான சுவிட்ச் விழுந்து வீடு இருட்டாயிற்று. உமது அக்கா அடுப்பில் இடியப்பம் அவிய வைத்திருந்தாள். அரசாங்கம் எச்சரித்த நெருக்கடியை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்த முதல் ஆள் நான்தான்.

இந்த நாட்டில் வேட்டை அனுமதி எடுக்காமல் அந்தச் சாமானைத் தொட முடியாது. அதற்கு வகுப்பு இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, பொலிஸ் உம்மைப் பற்றி விசாரிக்கும். ஜெரோஷன் தன்னுடைய பெயரோடு என்னுடைய பெயரையும் பதிந்துவிட்டான். அறுபத்தேழாவது பிறந்தநாள் பரிசு என்று சொன்னான். எனக்கு ஒரு சுவெற்றர் போதுமாயிருந்தது.

வகுப்பு சனிக்கிழமை காலைகளில், ஊருக்கு வெளியே வேட்டைக்காரர் சங்கத்தின் மரக் கட்டடத்தில். படிப்பித்தவர் மோவன்ஸ் என்ற ஓய்வுபெற்ற தச்சன், கத்திக் கதைக்கத் தெரியாத மனிதர். முதல் நாள் எல்லோரிடமும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். ஒருவர் மான் என்றார், ஒருவர் தாரா என்றார், ஒரு பெண் தன் நாய்க்கு வேலை வேண்டும் என்றாள். என் மகன் எழும்பி, சமூகம் நொறுங்கும்போது குடும்பத்தைக் காப்பாற்ற என்றான். ஒருவரும் காப்பிக் கோப்பையை வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. மோவன்ஸ், மனிதருக்கு எதிராகத் துவக்கு வைத்திருக்க இந்த நாட்டில் ஒருவருக்கும் அனுமதி கிடையாது, இங்கே இது மானுக்கும் தாராவுக்கும்தான், அந்த நொறுங்கும் விஷயத்தை வெளியே விட்டுவிட்டு வந்தால் நல்லது என்று மெதுவாகச் சொன்னார். அவன் அதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதினான்.

பனிக்காலம் முழுக்க மிருகங்களின் பற்களையும் பறவைகளின் செட்டைகளையும் படித்தோம். மார்ச் மாதம் சுட்டுப் பழகும் திடலுக்குக் கூட்டிப் போனார்கள். களிமண் தட்டு ஒன்றை யந்திரம் மேலே எறியும், அதைச் சுட வேண்டும். காதுக்கு மூடி தந்தார்கள், நான் அதைக் கையில் வைத்திருந்தேன். முதல் வெடி கேட்டது.

மச்சான், நான் யோசித்துச் செய்யவில்லை. சேறும் பனியுமாகக் கிடந்த புல்லில் முகங்குப்புறக் கிடந்தேன், இரண்டு கையாலும் காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்தபடி. வாயைத் திறக்காவிட்டால் காதுச் சவ்வு போய்விடும் என்று ஊரில் குண்டுவீச்சு நேரம் பங்கருக்குள் சொல்லித் தந்தது அப்படியே உடம்பில் இருக்கிறது. சத்தம் ஓயும்வரை அசையக் கூடாது என்பதும் இருக்கிறது. ஆகவே அவர்கள் கூப்பிடக் கூப்பிட நான் அசையவில்லை. மாரடைப்பு என்று நினைத்துவிட்டார்கள். நாய்க்கு வேலை தேடி வந்த பெண் என்னைப் புரட்டிப் போட்டாள், இன்னொருவர் சங்கத்துச் சுவரில் தொங்கிய இதயம் இயக்கும் பெட்டியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார், என் சேட் பட்டனைத் திறந்து நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். அந்தப் பெட்டி பரிசோதித்துப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி, இவருக்கு அதிர்ச்சி தேவையில்லை என்று சொன்னது. முப்பத்தேழு வருடமாக இந்த நாட்டில் எத்தனையோ அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கியிருக்கிறேன், என்னைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொன்னது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

ஜெரோஷன் கொஞ்சம் தள்ளி நின்றான், முகம் வெளுத்துப் போயிருந்தது. வெட்கமா பயமா என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது காரில் எனக்காகச் சூட்டைக் கூட்டி வைத்தான். பிறகு டேனிஷில், அப்படிப் படுக்க உங்களுக்கு யார் பழக்கினது என்று கேட்டான். நான் சொன்னேன். என்னுடைய நெஞ்சுக்கு நேரே மூன்று தரம் துவக்கு நீட்டப்பட்டிருக்கிறது, ஒருமுறை சிங்களத்தில், ஒருமுறை ஹிந்தியில், ஒருமுறை நல்ல யாழ்ப்பாணத் தமிழில். அதில் தமிழில் நீட்டியதைத்தான் நான் இதுவரை ஒருவருக்கும் முழுக்கச் சொல்லவில்லை. அதை அவனுக்குச் சொன்னேன். உமக்கும் இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் அது உமது அண்ணன் மரியதாசனைப் பற்றியது.

எண்பத்தாறாம் ஆண்டு, ஊரில், பேக்கரிக்கு முன்னால். நானும் அவனும் பாண் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். இயக்கப் பெடியள் நாலு பேர் வந்தார்கள். பெயர் கேட்டார்கள், அவன் சொன்னான். துவக்கு வைத்திருந்தவனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும், மீசை சரியாக முளைக்கவில்லை. முதலில் என் நெஞ்சுக்கு நீட்டினான், பிறகு கீழே இறக்கிவிட்டு, “அண்ணை, நீங்கள் போங்கோ” என்றான். போடா என்று சொல்லவில்லை. மரியாதை தந்து, போங்கோ என்றான். நான் போனேன். சந்தி திரும்பும்வரை பின்னால் பார்க்கவில்லை. மரியதாசனை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. நீர் அப்போது மொன்றியலில் இருந்தீர், ஒரு வருடம் முந்தியே போய்விட்டீர்.

ஜெரோஷன் காரை ஓரமாக நிறுத்தினான். அன்றைக்கு அப்பாவின் கையிலும் ஒன்று இருந்திருந்தால் என்று கேட்டான். பாரும், உமது பட்டியல் எங்கே வந்து நிற்கிறது என்று. நான் அவனுக்குத் தமிழில்தான் பதில் சொன்னேன். “அந்தப் பெடியன் வைச்சிருந்ததும் தப்பிப் பிழைக்கத்தான், மோனை. வேற எதுக்கு எண்டு நினைக்கிறாய்?”

அவன் காரைத் திரும்ப எடுத்தான். அடுத்த கிழமை வகுப்பிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டான். தண்ணீர்க் கானும் பாதியாகக் குறைந்துவிட்டது, ஷாமிலா இப்போது தன் வீட்டிலேயே முழுகுகிறாள். நீர் அனுப்பிய பட்டியலையும் போனில் இருந்து அழித்துவிட்டதாகச் சொன்னான். நான் மட்டும் வகுப்புக்குப் போய்வந்தேன். பதிந்த பெயர் பதிந்தபடி இருக்க இடையில் விடுவது மோவன்ஸுக்கு மரியாதையில்லை, தவிர அங்கே காப்பி நன்றாக இருக்கும்.

ஆனால் இதோடு முடியவில்லை. காரில் நடந்ததை அவன் தாய்க்குச் சொல்லிவிட்டான். உமது அக்கா அன்றைக்கு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“நீங்கள் அண்டைக்குப் பாணோட வந்தனீங்கள். பாணைக்கூட விடேல்லை.”

முப்பத்தொன்பது வருடம் அவள் அதை வாய்க்குள் வைத்திருந்திருக்கிறாள், மச்சான். எனக்குச் சமைத்துப் போட்டாள், காய்ச்சலுக்குக் கசாயம் தந்தாள், நான் திரைச்சீலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும்வரை விழித்திருந்தாள், அவ்வளவு காலமும் அவள் கண்ணுக்கு முன்னால் நான் பாணோடு வாசலில் நின்றிருக்கிறேன். ஓம் கிருபா, விடவில்லை என்றேன். அன்று இரவு அந்தப் பாணை எல்லோரும் சாப்பிட்டோம் என்பதும் எங்கள் இருவருக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஆகவே நான் உமக்குச் சொல்ல வந்தது இதுதான். நீர் ஏன் துவக்குக் கடைகளையே சுற்றிக்கொண்டிருக்கிறீர், ஏன் ஒன்றுக்கு ஐந்து வாங்கி நிலக்கீழ் அறையில் பூட்டி வைத்திருக்கிறீர் என்று எனக்கு இப்போது விளங்குகிறது. நான் அன்றைக்குச் செய்யாததை யாராவது ஒருநாள் செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர். என் மகனை அதற்குப் பிடிக்காதேயும். கோபம் என்றால் என்னிடம் வாரும். மரியதாசனைப் பற்றி ஒருமுறைகூட நீர் என்னிடம் கேட்டதில்லை, காட்டில் எந்தத் தோட்டா சுலபமாகக் கிடைக்கும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறீர். என்ன நிறச் சேட் போட்டிருந்தான், பெயரைச் சொல்லும்போது குரல் எப்படி இருந்தது, எல்லாம் நான் சொல்லுவேன். நீர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி எங்கள் குடும்பத்தில் துவக்குக் கதை கிடையாது. காட்டுக்கும் கிடையாது, நகரத்துக்கும் கிடையாது. இந்த விஷயமாக ஒரு வரிகூட இந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று மூத்தவன் என்ற முறையில் உம்மைக் கேட்டுக்கொள்கிறேன்.

உமது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லும். மாதா உம்மைக் காக்கட்டும், உமது பிறஷரைக் குறைக்கட்டும், நாவையும் கொஞ்சம் குறைத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உமது அத்தான்
பி. தேவநாயகம்

பி.கு: எழுத மறந்துவிட்டேன். போன சனிக்கிழமை சுடும் பரீட்சையில் நான் சித்தியடைந்துவிட்டேன். தட்டுகள் உடைந்து விழுந்ததைப் பார்த்து மோவன்ஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னைக் கூட்டிப்போனது உமது அக்காதான், ஜெரோஷனுக்குத் தெரியாது. அவள் வேலிக்குப் பின்னால் கதிரை போட்டுக் கடைசிவரை இருந்து பார்த்தாள். ஒவ்வொரு வெடிக்கும் அவளுடைய தோள் அசைந்ததை நான் கண்டேன், ஆனால் எழும்பிப் போகவில்லை. வரும் வியாழக்கிழமை மோவன்ஸோடு ஒரு கடைக்குப் போகிறேன். துவக்கின் பின்பக்கம் தோளில் வைக்கும் மரக்கட்டை ஆளின் கை நீளத்துக்குப் பொருந்தாவிட்டால் எந்தத் துவக்கும் உதவாது என்கிறார் அவர். எனக்கும் உமக்கும் கை நீளம் குறைவு. நீர் உம்முடைய துவக்குக் கட்டையில் எத்தனை சென்ரிமீற்றர் வெட்டினீர்? பதிலை மகனுக்கு அல்ல, எனக்கு அனுப்பும். வியாழனுக்கு முன்னம்.