எண்பத்திரண்டு கிலோ சபாபதி

"கோட்டு யாருக்கு சார்?" என்று கேட்டார் டெய்லர் எட்மண்ட்.

"எனக்குத்தான்."

"அப்ப கையைத் தூக்குங்க. அளவெடுக்கணும்."

"என்னை அளக்க வேண்டாங்க," என்றார் சபாபதி. "அஞ்சு வாரம் கழிச்சு இருக்கப்போற ஆளுக்குத் தைக்கணும்."

எட்மண்ட் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பிடித்துக்கொண்டு கடை வாசலைப் பார்த்தார். மஞ்சூர் கடைவீதியில் பனி இறங்கியிருந்தது. எதிரே நின்ற குன்னூர் பஸ்ஸின் முகப்பு விளக்குகள் தெரிந்தன, பஸ் தெரியவில்லை. சார் சொல்லும் ஆள் அந்தப் பனிக்குள் எங்காவது நிற்கிறாரோ என்று எட்மண்டுக்கு ஒரு கணம் தோன்றியது.

"அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க சார். அளந்துடறேன்."

"அவரு இன்னும் வரலைங்க. வந்துட்டு இருக்காரு," என்று சொல்லி சபாபதி செல்போனை நீட்டினார். திரையில் பச்சை நிறத்தில், பெரிய எழுத்தில், 82 என்று இருந்தது.

சபாபதி மின்வாரிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவர். எண்கள் மேல் அவருக்கு மரியாதை உண்டு. ஒரு எண் தசமப்புள்ளியோடு வந்தால் எழுந்து நின்றுவிடுவார். ஆனால் உடம்பு தொடர்பான எண்களை மட்டும் நெடுநாளாகத் தவிர்த்து வந்தார். மகள் ரேகாவின் நிச்சயதார்த்தப் படங்கள் வந்த பிறகு தவிர்க்க முடியவில்லை.

சம்பந்தி சிவகுரு ஒல்லியான மனிதர். தினமும் காலையில் நடக்கிறவர். படங்களில் எல்லாம் அவர் சபாபதிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஆனால் ஒரு படத்தில் அவருடைய காது மட்டும் தெரிந்தது. இன்னொன்றில் ஒரு கை. மாப்பிள்ளை வீட்டில் ஆல்பத்தைப் பார்த்த யாரோ, "பையனோட அப்பா வரலையா?" என்று கேட்டார்களாம்.

ரேகா அதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "போட்டோவை விடுங்கப்பா. நம்ம ஊட்டுப் படி ஏறினாலே உங்களுக்கு மூச்சு வாங்குது. எனக்கு அதுதான் பயமா இருக்கு," என்றாள். பெங்களூருக்கு வேலைக்குத் திரும்பும் முன், அவருடைய போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் எடை பார்த்து, தொண்ணூற்றொன்று என்று அதில் பதிந்தாள். "சாப்பிடறதை எல்லாம் இதுல போடுங்க. சாயந்திரம் இந்தப் பொத்தானை அமுக்குங்க. அவ்வளவுதான்."

முதல் நாள் சபாபதி ராகிக் கஞ்சியும் பீன்ஸும் மட்டும் சாப்பிட்டார். பொத்தானை அமுக்கினார். ஆப் சொன்னது: ஒவ்வொரு நாளும் இன்று போலவே இருந்தால், ஐந்து வாரத்தில் உங்கள் எடை 82 கிலோ.

முதல் பாதி பொடி எழுத்தில் இருந்தது. சபாபதி கண்ணாடி போடாமல் படித்தார். அதனால் 82 மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. ஐந்து வாரம் என்றால் சரியாகக் குன்னூர் மண்டபத்தில் ரேகாவின் கல்யாண வரவேற்பு நடக்கும் வாரம்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு நடக்கும்போது அந்த எண்பத்திரண்டு கிலோ ஆளைப் பார்த்தார்.

தேயிலைச் சரிவில் பனி அசையாமல் கிடந்தது. சில்வர் ஓக் மரங்கள் பாதி வரை இருந்தன. மீதி பனிக்குள் போயிருந்தன. பாதையில் கொஞ்ச தூரம் முன்னால், ஒல்லியாக, கோட்டுப் போட்ட ஒருவர் போய்க்கொண்டிருந்தார். மேட்டில் ஏறும்போதும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. ஒரு வளைவில் திரும்பி, கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டு, சபாபதிக்காகக் காத்திருப்பதுபோல் நின்றார். பிறகு பனியோடு கலைந்துவிட்டார்.

அந்த மனிதருக்குத்தான் கோட்டு தைக்க வேண்டும் என்று சபாபதி எட்மண்டிடம் போனார்.

இரண்டாம் வாரம் அலுவலகத்தில் ஒருவருக்குப் பதவி உயர்வு. பரோட்டா வந்தது. சபாபதி நேர்மையாக எல்லாவற்றையும் ஆப்பில் போட்டார். ஐந்து வாரத்தில் 94 என்றது, சிவப்பு எழுத்தில். மறுநாள் காலை பனிக்குள் முன்னால் போன மனிதர் நாலடி நடந்து, மூச்சு வாங்கி, ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

சபாபதிக்கு மனசே சரியில்லை. பரோட்டாவை மட்டும் ஆப்பிலிருந்து எடுத்துப் பார்த்தார். 86 ஆனது. சால்னாவையும் எடுத்தார். 82.

அன்றுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. சாப்பிடுவதைக் குறைக்க வேண்டியதில்லை. பதிவதைக் குறைத்தால் போதும். இதை அவர் ஏமாற்று என்று நினைக்கவில்லை. கணக்கைச் சரிக்கட்டுவது என்றுதான் நினைத்தார். சாயந்திர டீக்கு இரண்டு வர்க்கி சாப்பிட்டால் ஒன்று என்று போட்டார். டீயில் முக்கினால் பாதி டம்ளருக்குள்ளேயே கரைந்துவிடுகிறது அல்லவா?

மனைவி மல்லிகா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, நாலு தோசை தின்னுட்டு ரெண்டுன்னு போடறீங்க?"

"நீ மெல்லிசா ஊத்தியிருந்த புள்ள."

"மெல்லிசா ஊத்தினா ரெண்டு ஒண்ணாயிருங்களா?"

"ஆப்புல மெல்லிசுன்னு ஒரு தோசை இல்லை. நான் என்ன பண்றது?"

மூன்றாம் வாரம் எங்கோ சாப்பிட்ட போண்டா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் முழுக்க உப்புச் சர்க்கரைத் தண்ணீர் மட்டும்தான். சாயந்திரம் படுத்தபடியே பொத்தானை அமுக்கினார். 78 என்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே எட்மண்டுக்குப் போன் போட்டார்.

"எட்மண்ட், கோட்டை இன்னும் ரெண்டு இஞ்சு புடிச்சிருங்க."

"என்ன சார், குரலே ஒரு மாதிரி இருக்கு?"

"காலையில இருந்து வயித்தால போகுதுங்க."

"அது நிக்கட்டும் சார். அப்புறம் கோட்டைப் பத்திப் பேசலாம்."

"நின்னா மறுபடியும் எண்பத்திரண்டுக்குப் போயிரும். இப்பவே புடிச்சிருங்க."

எட்மண்ட் பிடித்தார். மறுநாள் வயிற்றுப்போக்கு நின்றது, எண் எண்பத்திரண்டுக்குத் திரும்பியது, கோட்டைப் பிரிக்கச் சொல்லி மறுபடியும் போன் வந்தது. எட்மண்ட் பிரித்தார். ஒருமுறை வந்து போட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினார். "நான் வந்து என்ன பிரயோஜனம்? போட்டுப் பார்க்க வேண்டியது அவருதானே?" என்றார் சபாபதி.

வரவேற்பு நெருங்கியது. ரேகா போனில் கேட்டாள். "அப்பா, நிஜமாவே குறைஞ்சிருக்கா?"

"எண்பத்திரண்டு வருதும்மா."

"அது வரும்னு சொல்றது. இன்னிக்கு மாதிரியே எல்லா நாளும் 'இருந்தா'ன்னு போட்டிருக்குமே, படிச்சீங்களா?"

"'இருந்தா'வெல்லாம் பொடி எழுத்துல இருக்கும்மா. எண்ணுதான் பெருசா இருக்கு."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மல்லிகா, ரேகாவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். "பெல்ட்டு பழைய ஓட்டையிலதான் நிக்குது!"

"பெல்ட்டு தோலு புள்ள. குளிருக்குச் சுருங்கியிருக்கும்."

"அப்ப ஒரு தராசுல ஏறிப் பாத்துருங்களேன். பெல்ட்டும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம்."

வீட்டில் தராசு இல்லை. ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற வேண்டும். ஆனால் குடியிருப்புக்குக் கீழே, ரோட்டோரத்தில், சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகள் தேயிலைக் கொழுந்தைக் கொண்டுவந்து எடைபோடும் ஷெட் இருந்தது. லோகு என்பவர் அங்கே எடை போடுவார். சபாபதி குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஆஸ்பத்திரியில் அந்தத் தொண்ணூற்றொன்றைப் பார்த்தபோது ரேகாவின் முகம் எப்படி மாறியது என்பது அவருக்கு மறக்கவில்லை. அந்த முகத்தை வரவேற்பு மேடையில் மறுபடி பார்க்கக் கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஷெட்டுக்குள் நனைந்த கொழுந்தின் பச்சை மணம். தகரக் கூரையில் தூறல் சத்தம். "லோகு, ஒருக்கா ஏறிக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, கோயில் படி ஏறுவதுபோல் தராசில் ஏறினார். கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது சிவப்பு எழுத்தில் 81.9 என்று இருந்தது.

இறங்கி மறுபடியும் ஏறினார். 81.9. தசமப்புள்ளியோடு! படம் எடுத்து ரேகாவுக்கு அனுப்பினார். அவள் உடனே கூப்பிட்டு, "அப்பா! சாரிப்பா, நான் நம்பவே இல்லை," என்றாள். சபாபதி ஷெட்டை விட்டு வெளியே வந்தார். பனிக்குள் யாரும் முன்னால் போகவில்லை. இனி எதற்குப் போக வேண்டும்? அந்த ஆள் தனக்குள் வந்து சேர்ந்துவிட்டார் என்று புரிந்தது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கத்தான் செய்தது. அதைச் சந்தோஷத்தில் வாங்கும் மூச்சு என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நேரே எட்மண்ட் கடைக்குப் போனார். "அவரு வந்துட்டாருங்க. கோட்டைக் கொடுங்க."

கைகள் நுழைந்தன. முதுகு நுழைந்தது. முன்பக்கம் பட்டனுக்கும் பட்டன் துளைக்கும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி.

"மூச்சை விடுங்க சார்."

"விட்டுட்டேன்."

"இன்னும் உள்ள இருக்கு சார்."

"உள்ள இருக்கறது நானுங்க!" சபாபதிக்குக் கோபம் வந்துவிட்டது. "எண்பத்திரண்டு கிலோ ஆளுக்குத் தைக்கச் சொன்னா, எந்தப் பொடியனுக்குத் தைச்சு வெச்சிருக்கீங்க?"

"எண்பத்திரண்டு கிலோ ஆளுக்குத்தான் தைச்சிருக்கேன். என் கடைக்கு வர்ற நாலு பேரு அந்த எடை. அவங்க யாரு போட்டாலும் பொருந்தும்."

"தராசு பொய் சொல்லுமா?"

"என் டேப்பு பொய் சொல்லுமா?" என்றார் எட்மண்ட். கடைவீதியில் யாரும் அவருடைய அளவைக் குறை சொன்னதில்லை. கோட்டைக் கையில் எடுத்தார், டேப்பைக் கழுத்தில் போட்டார், கடையைச் சாத்தினார். "வாங்க சார். அந்தத் தராசை நானும் பார்க்கறேன்."

இருவரும் நடந்தார்கள். பனி அன்று இன்னும் கெட்டியாக இருந்தது. பக்கத்தில் வருகிறவர் இருமினால்தான் வருகிறார் என்று தெரிந்தது. வழியில் மல்லிகாவும் குடையோடு சேர்ந்துகொண்டார். "என்னாச்சுங்க?" என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னதால் ஒன்றும் புரியவில்லை.

ஷெட்டில் லோகு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். வரிசையில் முதலாவதாகக் கருப்பம்மா என்ற பெண்மணி நனைந்த கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். "ஏறிக்கோங்கய்யா, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை," என்று வழிவிட்டார்.

சபாபதி ஏறினார். 81.9.

எட்மண்ட் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு சந்தேகத்தோடு தானே ஏறினார். 54 என்று காட்டியது.

"போன மாசம் ஆஸ்பத்திரியில அறுபது இருந்தேனே!" என்றார். அவர் கை தானாகவே போய்த் தன் வயிற்றைத் தடவியது. "நானும் இளைச்சுட்டேனா?"

"தள்ளுங்க, நானும் பாத்துக்கறேன்," என்று மல்லிகா குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏறினார். அறுபத்துமூன்று. கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, நான் எழுவதுங்க! ஒண்ணுமே எழுதாமலே ஏழு கிலோ போயிருச்சே!"

ஷெட்டுக்குள் பனி புகுந்து அவர்களின் முழங்கால் வரை நிரம்பியிருந்தது. கால்கள் தெரியாததால் மூன்று பேரும் தரைக்குச் சற்று மேலே நிற்பதுபோல் இருந்தது. உண்மையாகவே உடம்பு லேசாக இருப்பதுபோல் மல்லிகாவுக்குத் தோன்றியது. அவர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சபாபதி சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு மல்லிகா இப்படிச் சுற்றி அவர் பார்த்ததில்லை.

எட்மண்ட் மட்டும் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஈரமாக இருந்தது.

"சார், தப்பு என் மேலதான்," என்றார் மெதுவாக. "இந்தப் பனியில டேப்பு நனைஞ்சு சுருங்கியிருக்கணும். அதான் கோட்டும் சின்னதாப் போச்சு. உள்ள துணி விட்டிருக்கேன். ராத்திரிக்குள்ள பிரிச்சு, உங்களை நேரா நிக்க வெச்சே தைச்சுத் தர்றேன். வரவேற்புக்குப் பட்டன் போட்டுட்டு நிப்பீங்க. என்னை மன்னிச்சுருங்க."

சபாபதிக்கு மனசு இளகிவிட்டது. எட்மண்டின் தோளில் கை போட்டார். "விடுங்க எட்மண்ட். மனுசன் தப்புப் பண்றது சகஜம். மெசினுதான் பண்ணாது."

லோகு மட்டும் திரும்பி நின்று, வெளியே ஒன்றும் தெரியாத பனியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கருப்பம்மா சாக்கை இழுத்துத் தராசின் மேல் வைத்தபடி சொன்னார்:

"கொழுந்து நனைஞ்ச நாள்ல ஈரத்துக்குன்னு பத்து கிலோவுக்கு ஒரு கிலோ கழிச்சுக் காட்டற தராசு இது, எங்களுக்குத்தான் கழிக்கிறாங்கன்னு இருந்தேன், உங்களுக்குமா ஐயா கழிச்சிருக்கு?"