என் தோள் நோவுக்கு இன்னொருவர் தோள்

ஒரு மனிதரை ஏமாற்றி அழைத்துப்போய், இருபது டேனிஷ்காரர் முன்னிலையில் அவருடைய தோளில் ஊசி குத்த வைத்தேன். நான் செய்த குற்றம் இதுதான். குத்தியது வேறொருவர் என்று சொல்லித் தப்பலாம்தான். இத்தனை வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன், ஒருவரும் ஏற்பதாக இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. டென்மார்க்கில் ஹோர்சன்ஸ் நகரத்தின் ஓரத்தில் ஒரு பழைய விடுதியில், அகதிகளாக வந்த எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். அறைக்கு இரண்டு பேர். என் அறையில் மரியதாஸ் அண்ணை. மன்னார்ப் பக்கத்துக் கடற்தொழிலாளி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வலை இழுத்து இழுத்து வலது தோள் பழுதாகிப் போய், கட்டிலில் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் "மாதாவே" என்பார். நான் யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தவன். ஆகவே விடுதி முழுவதற்கும் நான் 'மாஸ்டர்'. (டென்மார்க் எங்கே இருக்கிறது என்று வந்து இறங்கிய பிறகுதான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.)

எனக்கு விசா கிடைத்துவிட்டது. வீடு கிடைக்கக் காத்திருந்தேன். அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. மனைவி பிலோமினாவும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். விசா வந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் உறையைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டு வருவார்.

"மாஸ்டர், இதில என்ன போட்டிருக்கினம்?"

நான் அகராதியைப் புரட்டி வாசித்துச் சொல்வேன். நான் என்ன சொன்னேனோ அதுதான் அவருக்குக் கடிதம்.

அந்தக் காலத்தில் சனிக்கிழமைகளில், பக்கத்துப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில் ஒரு வகுப்பு நடந்தது. கேர்ஸ்டன் என்ற அம்மா நடத்தினார். ஐம்பது வயது, நரைத்த குட்டை முடி, ஒருமுறை சீனாவுக்குப் போய்வந்தவர். சீகோங், தாய்ச்சி, மசாஜ், கடைசியில் அக்குபங்சர் என்று உடம்பையும் மனதையும் சேர்த்துச் சுகப்படுத்தும் கிழக்கத்திய வைத்தியங்கள் எல்லாம் ஐந்து சனிக்கிழமையில். எங்களுக்கு இலவசம். டேனிஷ் பேசிப் பழகலாம் என்று போனதாகத்தான் விடுதியில் சொன்னேன். உண்மையில் மண்டபம் சூடாக இருந்தது. இடைவேளையில் கோப்பியும், வெண்ணெய் வழியும் வீனபுறோட் பணியாரமும் தந்தார்கள்.

சீகோங்கில் முழங்காலை மடித்து, பெரிய பீப்பாயைக் கட்டிப்பிடிப்பது போலக் கையை வைத்துக்கொண்டு மரம் மாதிரி நிற்கவேண்டும். நான் நின்றால் புயலில் அகப்பட்ட முருங்கைமரம். தாய்ச்சியில் மேகத்தை மெதுவாகத் தள்ளவேண்டும். நான் ஸ்டார்ட் ஆகாத பஸ்ஸைத் தள்ளினேன். ஆனால் மசாஜ் இருக்கிறதே! இரண்டு இரண்டு பேராகப் பிரிப்பார்கள். உடம்பில் நோ உள்ளவர் படுக்கவேண்டும், நோ இல்லாதவர் பிடித்துவிட வேண்டும். கேர்ஸ்டன் "யாருக்கு நோ?" என்று கேட்ட கணத்தில் என் கை மேலே போயிற்று. "எனக்கு வலது தோள்," என்றேன். இரவல் நோ! அறையில் தினமும் பார்க்கிற நோ என்பதால் விவரமாக நடித்தும் காட்டினேன். எனக்குச் சோடியாக வந்தவர் ஓய்வுபெற்ற ரயில் சாரதி, ஒவ்வொரு கையும் ஒரு சட்டி அளவு. தொடர்ந்து மூன்று சனிக்கிழமை என்னைப் பிசைந்து எடுத்தார். அப்படி ஒரு சுகத்தை அதற்குமுன் நான் கண்டதில்லை.

நான்காவது சனிக்கிழமை முடிவில் கேர்ஸ்டன் கைதட்டி அறிவித்தார். அடுத்த கிழமை ஆர்ஹூஸிலிருந்து யென்ஸ் என்ற அக்குபங்சர்காரர் வருகிறார், ஒருவருக்கு எல்லார் முன்னிலையிலும் ஊசி குத்திக் காட்டுவார் என்று. "நல்லவேளை, எங்களிடம் ஒரு தோள் நோக்காரர் இருக்கிறார்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

எனக்கு ஊசி என்றால் மரணபயம். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போடும் நாளில் நான் படித்ததெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான்.

"எனக்குச் சுகமாகிவிட்டது," என்று அவசரமாகச் சொன்னேன். "ஆனால் என் நண்பர் ஒருவருக்கு இதைவிட மோசமான தோள் இருக்கிறது."

முதலில் நேர்மையாகத்தான் தொடங்கினேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். "அண்ணை, ஊசி குத்தினால் உங்கட தோள் நோ மாறுமாம்," என்றேன்.

"எனக்கென்ன விசரே, மாஸ்டர்? போய் உங்கட தோளில குத்துங்கோ."

வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. அண்ணை வராவிட்டால் மறுநாள் ஊசி என் தோளுக்குத்தான் என்று உறுதியானபோது, அந்தப் பொய்யைச் சொன்னேன்.

"அண்ணை, நாளைக்கு உங்களுக்கு ஒரு மெடிக்கல் இருக்கு. விசாக் கேஸுக்கு."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சேர்ட்டைத் தோய்த்து ஹீட்டரில் காயவைத்தார். முகம் வழித்தார். கதிரையில் இருந்து செபமாலை சொன்னார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, போர்வையை இழுத்து மூடி நான் நன்றாக நித்திரை கொண்டேன். இன்றைக்கு நினைத்தால் கூசுவது அந்த நித்திரைக்குத்தான்.

காலையில் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டி, பிளாஸ்டிக் பையில் ஒரு கோப்புடன் வந்தார். பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், கலியாணப் பதிவு, பங்குச்சாமியாரின் கடிதம், பிலோமினாவும் பிள்ளைகளும் நிற்கிற படம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் கோப்பை இரண்டு கையாலும் யென்ஸிடம் நீட்டினார். யென்ஸ் என்னைப் பார்த்தார். "பழைய மருத்துவக் குறிப்புகள்," என்றேன். யென்ஸ் ஞானஸ்நானச் சான்றிதழை மரியாதையோடு புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

முதலில் சீகோங். இருபது டேனிஷ்காரர் கம்பளிக் காலுறையோடு பீப்பாயைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். அண்ணை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இதுவும் மெடிக்கலோ, மாஸ்டர்?"

"ஓம், ஓம். ஆடாமல் நில்லுங்கோ."

நின்றார். மற்றவர்கள் கையை இறக்கி, கோப்பி குடித்து, பணியாரத்தை முடித்த பிறகும் நின்றார். நிறுத்தச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லவில்லையே! "என்ன வேரூன்றல்!" என்று கேர்ஸ்டன் கண் கலங்கினார். அடுத்து ரயில் சாரதி வந்து முதுகைத் தடவினார். அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "காயம் தேடுகினமோ? இடுப்பில ஒண்டு இருக்கெண்டு சொல்லுங்கோ. அது வள்ளம் இடிச்சது."

பிறகு ஊசி. அண்ணை கோட்டையும் சேர்ட்டையும் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தார்.

அக்குபங்சரில் ஒரு விசயம் இருக்கிறது. அதை அன்றைக்குத்தான் நான் அறிந்தேன். ஊசி சரியான இடத்தைத் தொட்டால் உள்ளே மந்தமாக, பாரமாக ஒரு நோ வரவேண்டும். வந்தது என்று நோயாளி சொன்னால் குத்துகிறவர் நிறுத்துவார். வரவில்லை என்றால் ஊசியை மெல்லத் திருகுவார்.

யென்ஸ் குத்திவிட்டுக் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்: "அண்ணை, நோகுதோ?"

"இல்லையெண்டு சொல்லுங்கோ," என்றார். முகம் நிறையச் சிரிப்பு.

யென்ஸ் திருகினார்.

"இப்ப?"

"சாடையாவும் நோகேல்லை. நல்ல சுகதேகி எண்டு சொல்லுங்கோ."

யென்ஸ் புருவத்தை உயர்த்திவிட்டு அடுத்த ஊசியைக் குத்தினார். அதையும் திருகினார். எனக்கு வியர்க்கத் தொடங்கியது. குனிந்து காதுக்குள் சொன்னேன்: "அண்ணை, நோகுதெண்டு சொல்லுங்கோ. சொன்னால் விட்டிடுவார்."

"எங்க விடுவார்? ஊருக்கோ?" அதே சிரிப்பு. "நோயாளி எண்டு எழுதிப்போட்டுத் திருப்பி அனுப்புறதுக்கோ? என்னட்டை இந்தச் சுத்துமாத்து வேண்டாம் மாஸ்டர். நான் சொல்லமாட்டன்."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் யென்ஸ்.

"யோசிக்கிறார்," என்றேன்.

யென்ஸ் மறுபடியும் திருகினார். அண்ணையின் சிரிப்பு அப்படியே இருந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் ஓடிக் காதுக்குள் போனது. கிழக்கின் மக்களுக்கு இருக்கும் இந்த அமைதி நமக்கு ஏன் இல்லை என்று நூலகத்தில் வேலை செய்கிற ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டாள். யென்ஸின் கை திரும்பவும் ஊசிக்குப் போனது. அதற்கு மேல் எனக்கு ஏலவில்லை.

"அண்ணை, இது மெடிக்கல் இல்லை! விசாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் பொய் சொன்னனான்."

அண்ணை என்னைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக இறங்கிப் போனது. பிறகு, அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த நோ முழுவதையும் ஒரே மூச்சில் விட்டார்.

"மடு மாதாவே!"

மண்டபத்துக் கண்ணாடிகள் அதிர்ந்தன. யென்ஸ் முகம் மலர்ந்து வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். "இதோ, வந்துவிட்டது!" எல்லாரும் கைதட்டினார்கள்.

அண்ணை எழும்பினார். சான்றிதழ்க் கோப்பை எடுத்தார், கோட்டை எடுத்தார், தோளில் ஊசிகளோடு வெற்றுடம்பாக வாசலைத் தாண்டிப் போய்விட்டார். வெளியே நவம்பர் மாதக் காற்று. பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வந்த சனம் சைக்கிளை நிறுத்திப் பார்த்தது. முன்னால் முள்ளம்பன்றி போல ஒரு மன்னார் மனிதர், பின்னால் காலுறையோடு ஓடும் இருபது டேனிஷ்காரர், அவர்களுக்கும் பின்னால் "அண்ணை, அண்ணை!" என்று கத்திக்கொண்டு நான். ஊசி குத்தியிருந்ததால் கோட்டைப் போட முடியாமல் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றுவிட்டார். யென்ஸ் அங்கேயே ஒவ்வொன்றாகக் கழற்றினார். அண்ணை என் பக்கம் திரும்பவேயில்லை.

அன்றிலிருந்து அவர் என்னோடு கதைக்கவில்லை. ஒரே அறை, இரண்டு கட்டில், நடுவில் ஒரு சின்ன மேசை. நான் மன்னிப்புக் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்புவார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பத்து நாளில் ஒரு கடிதம் வந்தது, அரசாங்க முத்திரையோடு. அதை அவர் பிரிக்கவில்லை, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அண்ணை, அதில திகதி ஏதும் இருக்கும். தாங்கோ, வாசிக்கிறன்."

அன்றுதான் வாய் திறந்தார். "நீங்கள் வாசிச்சால் என்ன, வாசிக்காட்டி என்ன? அதில என்ன இருக்கெண்டு எனக்கு இனி எப்பிடித் தெரியும்?"

விடுதியில் டேனிஷ் வாசிக்கத் தெரிந்த தமிழன் நான் ஒருவன்தான். அவரும் பிலோமினாவும் பிள்ளைகளும் அந்தப் பைக்குள் ஒட்டியபடியே கிடந்தார்கள்.

கேர்ஸ்டனின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், என் தோள் நோ பொய் என்பது உட்பட. அவர் சிரிக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேரே விடுதிக்கு வந்தார். என்னைப் பேசவிடாமல் அண்ணையின் முன்னால் நின்று, என்னைச் சுட்டிக் காட்டினார், பிறகு தன் தோளில் விரலால் குத்திக் காட்டினார். அண்ணைக்கு விளங்கிவிட்டது. நான் நடுவில் இல்லாமல் அவர் டேனிஷ்காரர் ஒருவரோடு கதைத்தது அதுதான் முதல் தடவை. வந்த சனிக்கிழமை கேர்ஸ்டன் எங்களைக் கூட்டிப்போக வந்தபோது, கோட்டைப் போட்டுக்கொண்டு போய்க் காரின் முன் இருக்கையில் ஏறினார்.

அதே மண்டபம், எனக்காகக் கேர்ஸ்டன் திரும்பவும் கூப்பிட்ட அதே யென்ஸ். நான் சேர்ட்டைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். அண்ணை கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, படம் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார். யென்ஸ் பஞ்சால் தோளைத் துடைத்தது ஞாபகம் இருக்கிறது. ஊசி ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது ரயில் சாரதி என் காலைத் தூக்கிப் பிடித்திருந்தார். அண்ணை என் முகத்துக்கு மேலே குனிந்திருந்தார்.

"மாஸ்டர்," என்றார், "நீங்கள் மெடிக்கலில பெயில்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்து, "ஐயோ, நோகுது," என்று தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். பிறகு பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்தார். என்னிடம் தரவில்லை, கேர்ஸ்டனிடம் கொடுத்தார். கேர்ஸ்டன் ஒவ்வொரு வரியாக வாசிக்க, நான் படுத்தபடியே தமிழில் சொன்னேன். அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் கேர்ஸ்டனின் முகத்தைப் பார்த்து, நான் சொன்னது அங்கே இருக்கிறதா என்று தேடினார்.

விசா விசாரணைக்குக் கோபன்ஹேகனுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை. அதற்கு இடையில் ஒரு ஞாயிறுதான் இருந்தது.

கேர்ஸ்டன் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். நான் கேட்டும் பார்த்தேன், அண்ணை வேண்டாம் என்றார். அடுத்த கோடையில் விசா வந்தது, அதற்கடுத்த வருடம் பிலோமினா அக்காவும் பிள்ளைகளும் வந்தார்கள். அண்ணையின் தோள் நோ அந்த ஊசியோடு போனதாகக் கேர்ஸ்டன் சொல்வார். அந்த ஊசியோடு இரட்டித்ததாக அண்ணை சொல்வார். என்னை மன்னித்துவிட்டதாக அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் இப்போது ரண்டர்ஸ் நகரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு, டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு நான் போகாவிட்டால், காலையிலேயே தொலைபேசியில் ஏச்சு வரும்.

சாப்பாடு முடிந்ததும் இந்தக் கதை தொடங்கும். அண்ணையே எழும்பி நின்று நடித்துக் காட்டுவார். பேரப்பிள்ளைகள் டேனிஷில் கத்திச் சிரிப்பார்கள். பிலோமினா அக்கா மட்டும் சிரிப்பதில்லை. "எங்களுக்காக வாங்கின குத்து," என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு அகப்பை இறைச்சி போடுவார். அந்த இறைச்சியை விழுங்குவது ஒவ்வொரு வருடமும் கஷ்டம்தான்.

யென்ஸ் குத்தியது ஐந்து ஊசி. அண்ணையின் கதையில் அது எட்டானது, பன்னிரண்டானது, பிள்ளைகள் வளர வளர இருபதைத் தாண்டியது. போன நத்தாருக்கு நாற்பது. கடைசிப் பேரன் நம்பாமல் என் பக்கம் திரும்பி, "உண்மையாகவா?" என்று டேனிஷில் கேட்டான். அண்ணையும் என்னைப் பார்த்தார்.

"ஓம்," என்றேன். "நாற்பதையும் பக்கத்தில நிண்டு நான்தான் எண்ணினனான்."